ராக்காயி ஏறிய படகு

வீரணன் அவனியாபுரத்தில் லோடு ஆட்டோ மெக்கானிக். வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான் என்று அந்தப் பக்கம் பெயர். அந்தப் பெயர்தான் அவனை இந்தக் கூத்தில் கொண்டுவந்து விட்டது. "படகு என்ன பெரிய கப்பலா மதினி, ஒரு எஞ்சினப் பூட்டிவிட்டா அது பாட்டுக்கு ஓடிட்டுப் போகுது" என்று அண்ணன் பெண்டாட்டி முன்னால் வாயை விட்டிருக்கக் கூடாது. விட்டுத் தொலைத்தான். செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் வெள்ளாங்கண்மாய்க் கரையில் வந்து நின்றவன், தான் கட்டிவிட்டுப் போன படகைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

படகின் முன்பக்கம் கருவேல மரத்தில் தொங்கியது. பின்பக்கம் எஞ்சினோடு சேர்ந்து தண்ணீருக்குள் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் கையாலேயே எஞ்சினைப் பூட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, மனம் குளிர்ந்து போய், லோடு ஆட்டோவில் சரக்கை இறுக்குவது போலக் கயிற்றை முறுக்கி மரத்தோடு ஒட்டக் கட்டிவிட்டுப் போயிருந்தான். அன்று ராத்திரியே வயலுக்கு மடையைத் திறந்துவிட்டார்கள். கண்மாய் ஒரு முழம் இறங்கிவிட்டது. தண்ணீர் இறங்கியது, கயிறு இறங்கவில்லை. படகு என்ன செய்யும், பாவம், தூக்கில் தொங்கியது.

படகு பேயாண்டியுடையது. கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர். மீனுக்குத் தீவனம் போட வைத்திருக்கும் பழைய ஃபைபர் படகு. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏன் மாப்ள, கம்மாயில எவனாச்சும் கயித்தக் குட்டையாக் கட்டுவானா? தண்ணி ஏறும், எறங்கும். நீளமா விட்டுல்ல கட்டணும்."

"நீங்க சொல்லலையேண்ணே."

"சோத்த வாயில வையினு கூடவா ஒனக்குச் சொல்லணும்?"

வீரணன் பதிலுக்குப் பேசினால் சண்டை வரும், சண்டை போட நேரமில்லை. சூரியன் அடைவதற்குள் அந்தப் படகில் ஏறிக் கண்மாய்க்கு நடுவில் இருக்கும் திட்டுக்குப் போய், பிடிமண் எடுத்துக்கொண்டு திரும்பியாக வேண்டும்.

வீரணனின் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் ஒரு சாண் நிலம் கிடையாது. பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அவர்கள் சாமிக்கு மட்டும் யார் இடம் கொடுப்பார்கள்? எவனும் உரிமை கேட்டு வராத இடமாகப் பார்த்து, கண்மாய்க்குள்ளே ஒரு மேட்டில் கல்லை நட்டு, ராக்காயி என்று பெயர் வைத்துக் கும்பிட்டார்கள். கண்மாய் வற்றிக் கிடந்தால் நடந்து போய்ப் பொங்கல் வைப்பார்கள். நிறைந்து கிடந்தால் கரையிலேயே நின்று திட்டு இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கொள்வார்கள். இப்போது குடும்பத்துக்குத் திருமங்கலம் பக்கம் கொஞ்சம் சொந்தப் புஞ்சை இருக்கிறது. அதன் மூலையில் பீடமும் கட்டியாகிவிட்டது. ஆனால் சிமெண்டுப் பீடத்தில் சாமி தானாக வந்து உட்காராது. பழைய இடத்துக்குப் போய், எங்களோடு வா என்று கூப்பிட்டு, அங்கிருந்து ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வர வேண்டும். சாமி அந்த மண்ணில் ஏறி வரும்.

தண்ணீர் வற்றும் வரை பொறுத்து, மாசியில் நடந்தே போய் எடுக்கலாம்தான். ராக்காயிக்கு அவசரமில்லை. அண்ணனுக்குத்தான் நாள் தாங்காது போலிருந்தது.

அண்ணன் முத்திருளன்தான் அந்தக் குடும்பத்துச் சாமியாடி. ராக்காயி இறங்கினால் அவர் மேல்தான் இறங்குவாள். அவருடைய ஒரே மகன் சித்தார்த், கல்லூரிக்குப் போன பையன், ரிங் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அதோடு அண்ணன் சாமியாடுவதை விட்டார். சாமியை மட்டுமா விட்டார்? சவரம் செய்வதை விட்டார், நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டார், பேச்சையே விட்டார். காரியம் முடிந்த அன்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அவளே தண்ணிக்குள்ள கெடக்கா, நம்ம புள்ளைய எங்குட்டு இருந்து பாப்பா?" அதற்குப் பிறகு கட்டிலும் சுவருமாகக் கிடந்தார். போன மாதம் மதினி ஜெயக்கொடி வீடு கூட்டும்போது, பருத்திக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து டப்பா அவர் கட்டிலுக்கடியில், துண்டில் சுற்றி, பத்திரமாக இருந்தது.

மதினி அழவில்லை. டப்பாவைக் கொண்டுபோய் ஓடைக்குள் கவிழ்த்துவிட்டு, வீரணனுக்குப் போன் போட்டாள். "ராக்காயியக் கரையேத்திக் கொண்டாந்துரு வீரணா. அவ ஏறிட்டா ஒங்க அண்ணனும் எந்திரிச்சிருவாரு. நான் அவர்ட்டச் சொல்லிட்டேன். சரின்னு தலைய ஆட்டுனாரு."

ரெண்டு வருஷத்தில் அவர் தலையாட்டிய முதல் காரியம் அதுதான். கார்த்திகையின் கடைசிச் செவ்வாய் இது. இதை விட்டால் மார்கழி பிறந்துவிடும், மார்கழியில் சாமியைக் குடிவைக்க மாட்டார்கள். தை வரைக்கும் அண்ணனுக்கு யார் காவல் இருப்பது?

கயிற்றை அறுத்தான். படகு தொப்பென்று விழுந்து அவனைத் தலையோடு கால் நனைத்தது. பெயிண்ட் டப்பாவால் தண்ணீரை இறைத்து, எஞ்சினைக் கழற்றிக் கரைக்குத் தூக்கினான். பம்புசெட்டில் இருந்த பெட்ரோல் எஞ்சின். தொண்டிக்குப் போய் நீளமான இரும்புத் தண்டும் நுனிக்குத் தண்ணீரைத் தள்ளும் காற்றாடியும் வாங்கி வந்து அதில் பொருத்தியிருந்தான். ஆயிலை வடித்தால் பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பைக்கை எடுத்துக்கொண்டு திருமங்கலத்துக்கு ஓடினான். ஆயில் வாங்கிக்கொண்டு வந்தால், பிளக்கைக் கழற்றும் ஸ்பேனர் பொருந்தவில்லை. மறுபடியும் ஓடினான். விரதம் என்பதால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. காலில் செருப்பும் இல்லை. கரையெல்லாம் கருவேல முள்.

மதினி போன் அடித்தாள்.

"கெளம்பிட்டியா வீரணா?"

பிளக்கைக் கற்பூரத் தீயில் காட்டிக்கொண்டிருந்தான். "பாதித் தூரம் போயிட்டேன் மதினி" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

கயிற்றைச் சுற்றி இழுத்தான். எஞ்சின் இருமியது. மறுபடியும் இழுத்தான். அதுகூட இல்லை. உள்ளங்கைத் தோல் உரியும் வரை இழுத்தான். கரையில் மாடு மேய்க்க வந்தவர்கள், குளிக்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவனியாபுரத்தில் காதை வைத்துக் கோளாறு சொல்கிறவன், இங்கே எஞ்சினைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். வெயில் மேற்கே சாய்ந்த பிறகு அது ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. சாகக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்ததைப் போல அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பேயாண்டியும் ஏறிக்கொண்டார். படகில் நங்கூரம் என்று உடைந்த ஆட்டுக்கல் குழவி ஒன்று கிடந்தது. அதன் கயிறு இற்றுப்போயிருந்ததால் வீரணன் வேறு கயிறு கட்டினான். இறுக்கிக் கட்டியதற்குக் காலையில் வாங்கிய ஏச்சு காதிலேயே இருந்தது, அதனால் இந்த முடிச்சைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டான்.

போகும்போது ஒரு தடவை வேலம்பாசி காற்றாடியில் சுற்றி எஞ்சின் நின்றது. குனிந்து அறுத்துவிட்டு மறுபடியும் கிளப்பினான். திட்டின் தலை மட்டும்தான் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது, அவன் ஒர்க்‌ஷாப் அளவுகூட இருக்காது. குழவியைப் போட்டுவிட்டுப் பேயாண்டி படகிலேயே உட்கார்ந்துகொண்டார். பங்காளி அல்லாதவர் அந்த மண்ணை மிதிக்கவும் கூடாது, தொடவும் கூடாது.

கல் பாசி பிடித்துக் கிடந்தது. துடைத்து, மஞ்சள் பூசி, விளக்கேற்றினான். கல்லின் தலையில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்தான். பூ தானாக விழுந்தால் சம்மதம்.

"ஆத்தா, எங்களுக்குன்னு ஒரு எடம் வந்துருச்சு. இனி இங்க யாரும் ஒனக்கு வெளக்கு வைக்க மாட்டோம். எங்க கூட வந்துரு. அண்ணனப் பாரு ஆத்தா. வேற ஒண்ணும் கேக்கல."

பூ விழவில்லை. சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. பேயாண்டி படகிலிருந்து செருமினார். வீரணன் கையைக் கூப்பியபடியே நின்றான். அப்புறம் வாடைக்காற்று ஒரு வீச்சு வீசியது, பூ வலப்பக்கமாக விழுந்தது. காற்றில் விழுந்ததா என்றெல்லாம் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தான். விளக்கை அவனே கையால் அமர்த்தினான். திட்டில் இனி ராக்காயி இல்லை. அவன் கையில் இருந்தாள்.

இனி வீடு சேரும் வரை முடிப்பைக் கீழே வைக்கக் கூடாது. இதை மெக்கானிக் முன்னமே யோசித்திருக்க வேண்டாமா? வலது கையில் சாமி, இடது கையில் எஞ்சின். ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்துப் பார்த்தான். முடியவில்லை. பேயாண்டி இழுத்தார். அவர் மீனை இழுப்பது போல இழுத்தார்.

"வெடுக்குனு இழுங்கண்ணே."

"வெடுக்குனு இழுத்தா பிஞ்சுராது?"

"பியாது. இழுங்க."

எப்படியோ கிளம்பியது. பாதி வழியில், ஆழமான இடத்தில், மறுபடியும் பாசி சுற்றி நின்றுபோனது. வாடைக்காற்று படகைத் தள்ளத் தொடங்கியது, தண்ணீருக்குள் பாதி முழுகி நின்ற கருவேல மரக் கூட்டத்தைப் பார்த்து. பேயாண்டி கழியை ஊன்றினார், கழிக்குத் தரை எட்டவில்லை. குழவியைத் தூக்கிப் போட்டார். கயிறு கொஞ்ச தூரம் போய்த் தொய்ந்தது. இழுத்துப் பார்த்தால் வெறுங்கயிறு வந்தது. தாராளமாகப் போட்ட முடிச்சு தாராளமாகவே அவிழ்ந்திருந்தது.

"மாப்ள, முள்ளுக்குள்ள போயிருவோம். அந்தத் துணிய வச்சிட்டு எஞ்சினப் பாரு."

"வைக்கக் கூடாதுண்ணே."

"அப்ப எங்கையில குடு."

"குடுக்கக் கூடாது."

"ரெண்டுங் கூடாதுன்னா எம்புட்டு நேரந்தான் பாத்துட்டு நிக்கிறது?"

முடிப்பை உச்சந்தலையில் வைத்து, அதன் மேல் துண்டை வளைத்துத் தலைப்பாக் கட்டிக்கொண்டான். இரண்டு கையும் கிடைத்தது. குப்புறப் படுத்துப் பாசியை அறுத்தான். எழுந்து கயிற்றைச் சுற்றி, உடம்பில் இருந்ததையெல்லாம் திரட்டி இழுத்தான். அந்த நாள் முழுக்க அழ வைத்த எஞ்சின், அப்போது பார்த்து, ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. படகு முன்னால் பாய்ந்தது. தலைக்கு மேல் கருவேலங்கிளை இருந்ததை அவன் பார்க்கவில்லை. முள் தலைப்பாவைக் கவ்வி உருவியது. துண்டு கிளையில் தொங்கியது. மஞ்சள் முடிப்பு படகின் விளிம்பில் பட்டு, தண்ணீரில் விழுந்தது.

வீரணன் குதித்துவிட்டான். முங்கித் துழாவித் துணியைப் பிடித்தும்விட்டான். துணி கையில் இருந்தது. முடிச்சு அவிழ்ந்து, உள்ளே ஒன்றும் இல்லை. தண்ணீரில் ஒரு கை அகலத்துக்குக் கலங்கலாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் தெளிந்துவிட்டது.

எஞ்சினை நிறுத்தத் தெரியாமல் பேயாண்டி ஒரு வட்டம் போய்விட்டு வந்து, அவன் சட்டையைப் பிடித்து ஏற்றினார்.

"விடு மாப்ள. திரும்பிப் போயி இன்னொரு பிடி அள்ளிக்கிட்டு வந்துருவோம்."

"அங்க யாருண்ணே இருக்கா?" என்றான் வீரணன். "கூப்பிட்டேன், வந்துட்டா. வெளக்க அமத்திட்டேன். அது இப்ப வெறும் மேடுண்ணே."

பேயாண்டி படகைக் கரைக்குத் திருப்பினார். வீரணன் படகின் நடுவில் உட்கார்ந்து, ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். அத்தனை தலைமுறையாக மழையிலும் வறட்சியிலும் ஒற்றைக் கல்லாக நின்றவளை, கூப்பிட்டுக் கொண்டுவந்து நட்டாற்றில் விடுவது போல விட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கரையில் இறங்கும்போது போன் அடித்தது. பேயாண்டி பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததால் அது மட்டும் நனையவில்லை. மதினிதான். குரலே வேறாக இருந்தது.

"வீரணா, ஒங்க அண்ணன் சவரம் பண்ணிட்டாருடா. நான் சொல்லல. அவராத்தான் பிளேடு வாங்கியாரச் சொன்னாரு. குளிச்சு, வேட்டி கட்டி, பீடத்துக்கிட்ட வந்து நிக்கிறாரு. ஒக்காருங்கன்னா ஒக்கார மாட்டேங்குறாரு. வந்துட்டியா?"

"வாரேன் மதினி."

"கொண்டு வாரேல்ல?"

வீரணன் கண்மாயைப் பார்த்தான். மேற்கே சூரியன் பாதி முழுகியிருந்தது.

"கொண்டு வாரேன்" என்றான்.

மடைக்குப் பக்கத்தில், பெண்கள் துணி துவைக்கும் இடத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். அதில் ஷாம்புப் பாக்கெட்டின் கிழிசல் ஒன்று இருந்தது, எடுத்துப் போட்டான். பேயாண்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் ஒரே கம்மா மண்ணுதான மாப்ள" என்றார். "நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

துணி ஈரமாக இருந்தால் கேட்பார்களே. பைக்கைக் கிளப்பி ஆக்ஸிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, மஞ்சள் துணியைச் சூடான சைலன்ஸர் மேல் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தான். ஓரம் லேசாகக் கருகியது. மண்ணை அந்தச் சூட்டோடு முடிந்து, பையில் இருந்த மாற்று வேட்டியைக் கட்டி, அதன் மடியில் வைத்துக்கொண்டு வண்டியை விரட்டினான்.

புஞ்சையில் சொந்தபந்தமெல்லாம் நின்றது. அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

"என்ன, தலையெல்லாம் ஈரம்?"

"குளிச்சிட்டு வாரேன்."

முத்திருளன் பீடத்துக்கு முன்னால் நின்றார். தாடி போன முகத்தில் கன்னம் குழி விழுந்து, எலும்பு துருத்திக்கொண்டு, வேற்றாள் போல இருந்தார். தம்பியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் ஒன்று சேர்த்து நீட்டினார். இப்போது சொல்லிவிடலாம் என்று வீரணனுக்குத் தோன்றியது. இத்தனை பேர் முன்னால் வேண்டாம், அண்ணன் காதோடு சொல்லிவிடலாம்.

"அண்ணே" என்றான்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்த பிறகு எவனால் சொல்ல முடியும்? முடிப்பை எடுத்து அவர் கையில் வைத்தான்.

முத்திருளன் விரலை மடக்கி அதை மூடினார். பிறகு திரும்பி, பெண்டாட்டியைப் பார்த்து, "சூடா இருக்கு ஜெயக்கொடி" என்றார்.

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சூடா இருக்கு. உசுரோட வந்திருக்கா."

முதலில் அவர் முழங்கால் ஆடியது. பிறகு தோள். பிறகு உடம்பு முழுதும் உதறி எடுக்க, தொண்டையிலிருந்து அந்தப் பழைய சத்தம் வந்தது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. ஜெயக்கொடி தரையில் விழுந்து புரண்டு அழுதாள். ரெண்டு வருஷத்து அழுகையும் அதில் இருந்தது. ஆடிக்கொண்டே வந்து முத்திருளன் வீரணன் முன்னால் நின்றார். திருநீற்றை அள்ளி அவன் நெற்றியில் அழுத்தித் தேய்த்தார்.

"தண்ணிக்குள்ள கெடந்தேன்டா" என்றார், ராக்காயியின் குரலில். "எம்புட்டுக் காலம் கெடந்தேன். ஒரு சொட்டு நனையாம என்னையக் கொண்டாந்து சேத்துட்டியேடா, எம்புள்ள."

தங்கப்பொண்ணு பின்னாலிருந்து அவன் முழங்கையை இடித்தாள். "கும்பிடுங்க. ஒங்களத்தான் பாக்குது."

வீரணன் கையைக் கூப்பினான், கண்ணை மூடினான். கருவேல மரத்தடியில் ஒரு கை அகலத்துக்குக் கலங்கித் தெளிந்த அந்தத் தண்ணீர்தான் தெரிந்தது. அதைத்தான் கும்பிட்டான்.